ஒன்றரை நொடி

ஆவுடைநாயகி டீச்சரிடம் ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடித்தவர் பாளையங்கோட்டையில் யாரும் கிடையாது. அவரிடம் தமிழ் படித்த பெண்களுக்கும், எதிர்வீட்டுக்காரர்களுக்கும், முப்பத்தொரு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்தும் சுடலைமுத்துவுக்கும் இது நன்றாகவே தெரியும். பட்டிமன்ற மேடை என்றால் கேட்கவே வேண்டாம். எதிரணிக்காரர் ஒரு கருத்தில் பாதியை வெளியே விடுவதற்குள் மீதிப் பாதியை டீச்சரே எடுத்துச் சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நடுவர் மணியடிக்கக் கையைத் தூக்கும்போது டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஊரே உச்சுக்கொட்டியது. ஒன்றிரண்டு பேர் உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சும் விட்டிருக்கலாம். ஆனால் நான்கே மாதத்தில் டீச்சர் மறுபடியும் மேடையேறி அந்த நிம்மதியைக் கெடுத்தார்.

காரணம், 'மறுகுரல்' என்கிற மென்பொருள். தாடைக்குக் கீழே பிளாஸ்திரி மாதிரி ஒரு பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். நாக்கும் தாடையும் சத்தமில்லாமல் அசைவதை அது படிக்கும். படித்ததை மேஜைக் கணினி குரலாக்கிப் பேசும். டீச்சரின் பழைய பட்டிமன்றப் பதிவுகள் இருநூறு மணி நேரத்துக்குமேல் கைவசம் இருந்ததால், பெட்டியிலிருந்து வந்தது அச்சு அசலாக அவருடைய குரல்தான். அவருக்கு எப்போதும் இருக்கும் லேசான மூக்கடைப்பு உட்பட எல்லாம் அதில் இருந்தது.

கோயம்புத்தூரில் மூன்றே பேர் சேர்ந்து எழுதியது அது. ஒரே ஒரு வகை மேஜைக் கணினிக்காக, அதன் நாடி பிடித்துப் பார்த்து எழுதியது. வேறு எதிலும் ஓடாது. அதில் ஓடிய ஓட்டமோ ஓட்டம். டீச்சர் நாக்கை அசைப்பதற்கும் குரல் வருவதற்கும் நடுவில் ஓர் எறும்புகூட நுழைய முடியாது. இடது கை விசைப்பலகையின்மேல் இருக்கும். குரலை உயர்த்த ஒரு விசை, இழுத்துப் பேச ஒன்று, நமட்டுச் சிரிப்புக்கு ஒன்று. ஒன்பது வருஷத்தில் விரல்கள் கண்ணைக் கேட்காமலேயே வேலை செய்யப் பழகிவிட்டன. பெட்டியைத் தூக்கிவந்து மேடையில் வைத்து ஒயர் மாட்டுவது சுடலைமுத்துவின் பொறுப்பு. அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு துணை மின் நிலையத்தையே இயக்கி வைக்கிற தோரணையில் அந்தக் காரியத்தைச் செய்வார். டீச்சரோ தினமும் காலையில் பட்டையை ஒட்டும்போது, பேர்கூடத் தெரியாத அந்த மூன்று பேருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் முதல் சொல்லைப் பேசுவார்.

பத்தாவது வருஷம் ஜூலையில் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மகிழ்ச்சியான செய்தி' என்று தலைப்பு. இந்தத் தலைப்போடு வருகிற கடிதம் யாருடைய மகிழ்ச்சிக்காக எழுதப்படுவது என்று டீச்சருக்கு அனுபவம் உண்டு. செல்போன், கைக்கடிகாரம், கண்ணாடி, கார், மேஜைக் கணினி எல்லாவற்றிலும் இனி மறுகுரலுக்கு ஒரே முகம். செப்டம்பர் முதல் தேதியோடு பழையது நின்றுவிடும். தினமும் காலையில் கண்விழிக்கவே நிறுவனத்திடம் அனுமதி கேட்கிற மென்பொருள் அது. அனுமதி வராவிட்டால் எழுந்திருக்காது.

செப்டம்பர் முதல் தேதி புதியது வந்து உட்கார்ந்தது. செல்போன் திரையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி நடுவில் கொஞ்சம் எழுத்து, சுற்றிலும் வெள்ளைக்காடு. கட்டைவிரலுக்கென்று செய்த பெரிய பெரிய பொத்தான்கள். மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. விசைகள் எதற்கும் அது மசியவில்லை. எல்லா வசதியும் மூலையில் இருந்த மூன்று கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. நமட்டுச் சிரிப்பும் இருக்கத்தான் செய்தது. அந்த மூன்று கோட்டைத் தொட்டு, 'உணர்வுகள்' என்பதைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போய், ஒரு மஞ்சள் மூஞ்சியைத் தொட வேண்டும். அதற்குள் சிரிக்க வேண்டிய விஷயத்துக்குத் திவசமே முடிந்திருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குரல் தாமதமாக வந்தது. டீச்சர் 'ஏங்க' என்று நாக்கை அசைத்துவிட்டுக் காத்திருந்தார். பெட்டி யோசித்தது. பிறகு 'ஏங்க' என்றது. அதற்குள் சுடலைமுத்து கொல்லைப்பக்கம் போயிருந்தார்.

நிறுவனத்துக்குப் போன் போட்டார் டீச்சர். முதல் நான்கு முறை எடுத்தவர்கள் 'ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா' என்று கேட்டு, அவருடைய 'இருக்கேன்' போய்ச் சேருவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். குரல் இல்லாதவர்களை நம்பியே நடக்கிற கம்பெனி அது. ஐந்தாவது முறை எடுத்தவர் ரஹ்மத்துல்லா என்கிற பொறியாளர், ஐம்பதை நெருங்குகிறவர். ஹலோ சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். அந்த ஒரு காரியத்துக்கே டீச்சருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரஹ்மத்துல்லா ஒளிக்காமல் சொன்னார். "பழசு அந்தக் கம்ப்யூட்டரோட பாஷையிலயே பேசுச்சுங்க டீச்சர். நீங்க சொன்னது நேரா ஸ்பீக்கருக்குப் போயிரும். புதுசு எல்லா மெஷினுக்கும் பொதுவானதுங்க. அதனால நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரை உக்கார வெச்ச மாதிரி ஆயிப்போச்சு. அவரு நீங்க முழு வாக்கியமும் முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டாருங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை நொடிங்க."

பழையதை எழுதிய மூன்று பேரும் எங்கே என்று டீச்சர் கேட்டார். இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், மூன்றாவது ஆள் நான்தான் என்றார் ரஹ்மத்துல்லா. ஐந்து விதக் கருவிக்கு ஐந்து விதமாக எழுத இப்போது ஆள் இல்லை. மேஜைக் கணினியில் மறுகுரல் பேசுகிறவர்கள் மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒன்றரை நொடியில் என்ன குடிமுழுகிவிடும் என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்களாம். அதற்கு டீச்சரிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் அது போய்ச் சேருவதற்குள் ஓர் அழைப்புக்குப் பத்து நிமிஷம் என்ற கெடு முடிந்து லைன் தானாக அறுந்துபோனது.

என்ன குடிமுழுகும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. அந்த வீட்டில் சண்டை நின்றுபோனது.

சுடலைமுத்துவும் டீச்சரும் அன்றாடம் சண்டை போடுகிறவர்கள். காப்பியில் சர்க்கரை, மின்விசிறி வேகம், மச்சினன் கல்யாணத்துக்கு யார் போகச் சொன்னது என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கும். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தி, கடைசியில் யார் முதலில் சிரித்துவிடுவது என்பதில் வந்து முடியும். இப்போது சுடலைமுத்து ஒன்று சொல்வார். சொல்லிவிட்டு, பேங்க் கவுண்டரில் நிற்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்து நிற்பார். பெட்டி பேசும். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த மரியாதையைத் தாங்க மாட்டாமல் ஒருநாள் டீச்சர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே வந்து, எப்போதும் போலக் கத்துங்களேன் என்று கெஞ்சினார். "நீ பேசி முடிக்க வேண்டாமாட்டி?" என்று பரிதாபமாகக் கேட்டார் சுடலைமுத்து.

வெளியில் இதைவிட மோசம். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு டீச்சர் கேட்கும் விலை, அடுத்த ஆளின் முருங்கைக்காய்க்குப் போய்ச் சேர்ந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் 'சௌக்கியமா டீச்சர்' என்று கேட்டுவிட்டு நடப்பார்கள். 'சௌக்கியம்' அவர்கள் முதுகைத்தான் எட்டும்.

ஆனாலும் டீச்சர் உடைந்துபோனது அம்பாசமுத்திரத்தில்தான். புரட்டாசியில் அங்கே ஒரு கோயில் விழா. வீடு சிறக்க வேண்டியது அன்பா, அறிவா என்று பட்டிமன்றம். டீச்சர் அன்பு. எதிரணியில் வழக்கம்போல ஞானதிரவியம். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய பேராசிரியர். இருபது வருஷமாக டீச்சருக்கு எதிரில் நின்று பேசுகிறவர். பேச்சு வேகத்துக்காக ஜனங்கள் அவருக்கு வைத்த பேர் 'எக்ஸ்பிரஸ்'. டீச்சரோடு போட்டி போடத் தெரிந்த ஒரே வாய் அவருடையதுதான். அவர் அடிக்க, டீச்சர் திருப்பி அடிக்க, பந்து கீழே விழாமல் பத்து நிமிஷம் போகும். அதைப் பார்க்கத்தான் கூட்டமே வரும்.

அன்றைக்கு அவர் பழைய வேகத்தில் கேட்டார், டீச்சர் வீட்டில் சண்டை வந்தால் முதலில் சமாதானத்துக்கு வருவது யார் என்று. டீச்சர் உடனே 'நான்தான்' என்று நாக்கை அசைத்தார். அது வெளியே வருவதற்குள் ஞானதிரவியம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் கொஞ்சம்கூட அறிவில்லாமல் நடந்துகொள்வது யார்? "நான்தான்" என்றது பெட்டி, கணீரென்று, டீச்சரின் சொந்தக் குரலில்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. யாரோ அதைப் படம்பிடித்துப் போட்டார்கள், மறுநாள் மாவட்டம் முழுக்கப் பார்த்தது. மேடையில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் டீச்சர், இன்னொருவர் ஞானதிரவியம். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். டீச்சர் அவர் பக்கமே திரும்பவில்லை.

இனி மேடை வேண்டாம் என்று வீட்டுக்கு வந்ததும் டீச்சர் சொல்லிவிட்டார். விழாக்காரர்களில் ஒருவர், பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து கொடுத்தால் பெட்டியே ஓட்டிவிடுமே என்று நல்ல எண்ணத்தில்தான் யோசனை சொன்னார். அப்படியானால் பெட்டிக்கே பொன்னாடை போர்த்திவிடுங்கள் என்று டீச்சர் எழுதி அனுப்பினார். எழுத்தில் தாமதம் கிடையாது. குரல்வளை போனபோதுகூட அவர் தன்னை ஊமை என்று நினைத்ததில்லை. இப்போது நினைத்தார்.

ஐப்பசியில் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முக்கூடல்காரி, பீடி சுற்றுகிறவர், பேர் மாரிக்கனி. அவருக்கும் குரல்வளை கிடையாது. மடியில் ஒரு மலிவான செல்போன். தாடையில் பட்டை. செல்போனிலிருந்து யாருடையதோ பொதுவான ஒரு பெண்குரல் வந்தது.

டீச்சர் புதிய மறுகுரலைப் பற்றித் தன் ஆற்றாமையைக் கொட்டினார். கொட்டினார் என்றால், ஒன்றரை நொடிக்கு ஒரு கரண்டி வீதம். மாரிக்கனி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவரிடம் அவசரமே இல்லை, அவருக்கும் அதே ஒன்றரை நொடிதானே.

"ஆறு வருசமா எம்மவன நான் பேரு சொல்லிக் கூப்புடல டீச்சரம்மா" என்றார் மாரிக்கனி. "பெட்டியெல்லாம் நம்மளால வாங்க முடியுமா? செப்டம்பர்லதான் இது போன்ல வந்துச்சு. முத நா கூப்புட்டேன். எவளோ கூப்புடுதான்னு தெருவுல போய்ப் பாத்தான். அம்மதாம்டேன்னு சொன்னேன். நின்ன எடத்துலயே அழுதுட்டான்."

டீச்சர் மாரிக்கனியின் மடியிலிருந்த செல்போனைப் பார்த்தார். இரண்டு மாதமாகத் தினமும் தான் சபித்துக்கொண்டிருந்த பொருள் இது. எல்லாக் கருவிக்கும் பொதுவாகச் செய்ததால்தான் இந்த அம்மாள் மடியில் வந்து விழுந்திருக்கிறது. தாமதம் இடைஞ்சலாக இல்லையா என்று மட்டும் கேட்டார்.

"பையத்தான் வருது. நா சொல்லி முடிக்குமுன்ன பய வெளிய போயிருவான். என்ன செய்ய, நமக்கு வாச்சது அவ்வளவுதான்னு நெனச்சுக்கிடுதேன்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கடைசிச் சொல் டீச்சரைக் குத்தியது. தனக்காவது பழையது எப்படி இருந்தது என்று தெரியும். வேகமான ஒன்றைப் பார்த்தே இராதவர்கள், மெதுவாக வருவதுதான் தங்கள் விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று மாலை ரஹ்மத்துல்லாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பழையதைத் திருப்பிக் கொடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முதலில் மாரிக்கனி சார்பில் நன்றி சொன்னார், மனதாரச் சொன்னார். பிறகு, அந்த ஒன்றரை நொடி எல்லோருக்கும் போக வேண்டும் என்று எழுதினார். எப்படி வேகமாகச் செய்வது என்று மேஜைக் கணினியில் உங்களுக்குத் தெரியும், அங்கே தொடங்குங்கள். மேலே இருப்பவர்கள் ஒன்றரை நொடியில் என்ன ஆகும் என்று கேட்டார்களே, அவர்களை ஒரே ஒரு நாள், காலையில் வந்தது முதல் மாலையில் போகும்வரை, வாயைத் திறக்காமல் மறுகுரலில் மட்டும் பேசச் சொல்லுங்கள். இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், சில பாடங்கள் விளக்கினால் ஏறாது.

இரண்டு வாரம் கழித்து ஞானதிரவியம் போன் செய்தார். அம்பாசமுத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தையில் திருநெல்வேலியில் பொங்கல் பட்டிமன்றம், நீங்கள் வராவிட்டால் நானும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், எதிரில் வேறு ஆளை வைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்றார். டீச்சர் மறுத்துப் பார்த்தார். மறுப்பு போய்ச் சேருவதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். விழாக்காரர்களுக்கு ஏன் கஷ்டம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு டீச்சர் போனார்.

போன இடத்தில் ஓர் ஆச்சரியம். எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் ஆகியிருந்தது. ஞானதிரவியம் ஒரு கருத்தைச் சொல்வார். நிறுத்துவார். கூட்டத்தைப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளியில் டீச்சரின் பதில் கனகச்சிதமாகப் போய் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அன்று வீட்டுக்கு வந்த டீச்சர் பல மாதத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மேடையெல்லாம் அப்படித்தான். டீச்சர் மறுபடி தலைநிமிர்ந்தார். ஞானதிரவியத்தின் பேர்தான் கெட்டது. மனுஷனுக்கு மறதி வந்துவிட்டது என்றார்கள். 'எக்ஸ்பிரஸுக்கு என்ன ஆச்சு' என்று ஒரு யூடியூப்காரர் பத்து நிமிஷம் ஆராய்ச்சி செய்தார். இரண்டு ஊர்களில் அவருக்குப் பதிலாக வேறு ஆளைக் கூப்பிடலாமா என்றார்கள். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. சார் இல்லாவிட்டால் நானும் இல்லை என்று இப்போது அவர் சொன்னார். "சாருக்கு வயசாயிட்டு. பாவம், நாமதான் பாத்துக்கிடணும்" என்று சுடலைமுத்துவிடமும் சொல்லிவைத்தார். எவ்வளவு பெருந்தன்மை நமக்கு என்று ஓர் எண்ணமும் உள்ளுக்குள் ஓடாமல் இல்லை.

அடுத்த ஐப்பசியில் ரஹ்மத்துல்லா அழைத்தார். டீச்சரின் கடிதத்தை அவர் நிறுவனத் தலைவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்திருந்தார். வாயைத் திறக்காத அந்த ஒருநாள் பரிசோதனை நடந்தது போன மாசியில். வேடிக்கையாகத்தான் தொடங்கினார்களாம். பதினொரு மணிக்குத் தலைவர் டீ கேட்டார். 'சர்க்கரை இல்லாமல்' வருவதற்குள் கேன்டீன்காரர் போய்விட்டார். மதியம் கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்கு யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டபோது, தலைவரின் 'வேண்டாம்' வந்து சேருவதற்குள் தீர்மானம் நிறைவேறி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. மாலையில் அவர் மகள் போனில் 'அப்பா, அப்பா' என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள். அந்த நிமிஷத்தில்தான் அவர் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஆள் எத்தனை வேண்டும் என்று கேட்டாராம்.

"எட்டு மாசமாச்சுங்க டீச்சர்" என்றார் ரஹ்மத்துல்லா. "பழைய கூட்டாளி ஒருத்தரையும் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன். மேஜைக் கம்ப்யூட்டருக்கு அதோட பாஷையிலயே எழுதிட்டோம். இன்னிக்கு உங்களுக்கு வந்துரும். போனுக்கு சித்திரையிலங்க. சோதனைக்கு முதல் ஆளா அந்த முக்கூடல் அம்மாவைத்தான் கேட்டிருக்கோம்."

நன்றி என்று சொல்ல டீச்சர் நாக்கை எடுத்தார். பாதிச் சொல்லில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஹ்மத்துல்லா முன்போலவே பேசாமல் காத்திருந்தார்.

அன்று சாயங்காலம் சுடலைமுத்து பால் பாத்திரத்தை மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று டீச்சர் கேட்க, அவர் வழக்கம்போலக் கையைக் கட்ட, கட்டி முடிப்பதற்குள் டீச்சர் மூன்று குற்றச்சாட்டை அடுக்கிவிட்டார். சுடலைமுத்து ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அன்னைக்கு கேஸ் அடுப்ப மூடாமப் போனது யாரு?" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று கடைசிவரை முடிவாகவில்லை.

கார்த்திகையில் நாகர்கோவிலில் ஒரு கல்லூரி விழா. காலை பதினொரு மணிக்குப் பட்டிமன்றம். குடும்பம் நிலைக்கத் தேவை விட்டுக்கொடுப்பதா, தட்டிக்கேட்பதா? டீச்சர் விட்டுக்கொடுக்கும் கட்சி. இருபது வருஷப் பட்டிமன்ற வரலாற்றில் இதைவிடப் பொருந்தாத அணி யாருக்கும் அமைந்ததில்லை. பெட்டி சரியானதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் வைத்து ஞானதிரவியத்தை ஒரு திடுக்குத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆசை.

ஞானதிரவியம் பேசிக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுப்பவன் ஏமாளி என்றார். நிறுத்தினார். டீச்சர் பதிலோடு தயாராக இருந்தார். இத்தனை நாளும் இந்த இடைவெளியில் அவர் கண் பெட்டியின்மேலேயே இருக்கும், குரல் எப்போது வரும் என்று. இன்றைக்குப் பெட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதனால் முதல்முறையாக ஞானதிரவியத்தைப் பார்த்தார்.

அவர் இடது கை மைக் மேஜைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சுட்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டது. நடுக்கணுவைத் தொட்டது. நுனிக்கணுவைத் தொட்டது. பேச ஆரம்பித்தார். அடுத்த கருத்து முடிந்ததும் மறுபடி அடிக்கணு, நடுக்கணு, நுனிக்கணு. கண்ணாடியைத் துடைத்ததும் தண்ணீர் குடித்ததும் பார்க்கிறவர்களுக்காக. எண்ணியது டீச்சருக்காக. மூன்று கணு, ஒன்றரை நொடி.

டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. வயதாகிவிட்டது, பாவம் என்று தான் இரக்கப்பட்ட மனிதர், பத்து மாதமாக ஊர் சிரிக்கச் சிரிக்கத் தன் வேகத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீச்சர் மேடைக்கே வந்திருக்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண் கலங்கியது. நன்றியை மேடைக்குப் பிறகு தனியாகச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவர் பட்ட அவமானம் எல்லோர் முன்னாலும் பட்டதல்லவா?

ஞானதிரவியம் அடுத்த கருத்தைச் சொல்லி நிறுத்தினார். கட்டைவிரல் அடிக்கணுவைத் தொட்டதும் டீச்சரின் குரல் வந்துவிட்டது.

"நடுவர் அவர்களே."

ஞானதிரவியம் திடுக்கிட்டுத் திரும்பினார். கையும் களவுமாக அகப்பட்டவர் முகம். கட்டைவிரல் அப்படியே நின்றது.

"விட்டுக்கொடுக்கிறவன் ஏமாளின்னு சார் சொல்றாரு. போன வருஷம் என் பெட்டி தாமதமாப் பேச ஆரம்பிச்சுது. இந்தப் பொங்கல்லேருந்து ஒவ்வொரு கருத்துக்கும் பிறகு, என் பதில் வந்து சேரட்டும்னு விரலை எண்ணிக்கிட்டு நின்னவர் இவரு. தன் வேகத்தை விட்டுக்கொடுத்தாரு, தன் பேரை விட்டுக்கொடுத்தாரு. மறதி வந்துட்டுன்னு நீங்கள்லாம் சிரிச்சியளே, அதையும் வாங்கிக்கிட்டாரு. இதை நான் இந்த நிமிஷந்தான் கண்டுபிடிச்சேன். சார், பெட்டி சரியாயிட்டு. இனிமே நீங்க எண்ண வேண்டாம். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்னு எனக்குத் தெரியல."

நடுவர் மணியை மறந்துவிட்டார். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், ஆனாலும் பட்டிமன்றக்காரி பட்டிமன்றக்காரிதான்.

"விட்டுக்கொடுத்தாத்தான் எதுவும் நிலைக்கும் என்கிறதுக்கு என் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்த உலகத்துல எங்கே தேடி..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை.

"அதைத்தானே நானும் சொல்லுதேன்" என்று பாய்ந்தார் ஞானதிரவியம், மின்னல் வேகத்தில், ஒரு கணுகூட எண்ணாமல். "விட்டுக்கொடுத்தா என்ன கெதின்னு பாத்தியளா நடுவர் அவர்களே? விட்டுக்கொடுத்ததையே சாட்சியா நிறுத்தி நம்மளத் தோக்கடிச்சிருதாவ."

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஞானதிரவியத்தின் குரல் கரகரத்திருந்தது, கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது, முகமோ இருபது வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்பிரஸின் முகம். ஒரு வருஷத்துக்குமேல் மேடையில் யாரும் டீச்சரின் பேச்சைக் குறுக்கே வெட்டியதில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் அவருக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கூட்டம் சிரித்து ஓய்வதற்கு அவர் காத்திருக்கவில்லை.